பின்னல் துண்டுகள் சேரும் இடத்தில் கோளாறா? பார்த்துக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வழி

சனிக்கிழமை காலையில் சிங்கப்பூரில், யீஷூனில் ஒரு சமூக மன்றத்து அறையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் பின்ன உட்காருகிறோம். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஸ்வெட்டர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மெல்பர்னில் இருக்கும் பேத்திக்கு வேண்டும், குளிர்சாதனம் நடுங்க வைக்கும் அலுவலகத்துக்கு வேண்டும், பிறக்கப்போகும் குழந்தைக்கு வேண்டும், சிகிச்சையில் முடி கொட்டியவருக்கு மெத்தென்று ஒரு தொப்பி வேண்டும். காரணத்துக்குக் குறைவே இல்லை.

பின்னுவதில் பெரும்பாலோருக்குச் சிக்கல் வருவதில்லை. முடித்த பிறகுதான் வருகிறது. யாராவது ஒருவர் துணிப்பையைத் திறந்து முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கை என்று நான்கு துண்டுகளை மேசைமேல் எடுத்து வைப்பார். நான்கும் அருமையாக இருக்கும். "எல்லாம் முடிஞ்சு மூணு மாசமாச்சு அக்கா. தைக்கப் பயந்துகிட்டு அப்படியே வச்சிருக்கேன்" என்பார்.

இத்தனை வருடத்தில் நான் கவனித்தது ஒன்று உண்டு. இணைப்பில் கண்ணுக்குத் தெரியும் கோளாறு, பல நேரம் இணைக்கும்போது வந்ததே இல்லை. ஓரக் கண்ணியைப் பின்னிய விதத்தில், திறந்த கண்ணிகளை எடுத்து வைத்த விதத்தில், துண்டைக் காயவைத்த விதத்தில் அது முன்பே வந்துவிட்டது. அதனால் தையலைப் பிரித்து அதே மாதிரி மறுபடி தைத்தால் அதே கோளாறு மறுபடி வந்து நிற்கும். முதலில் அது எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். கீழே அறிகுறிப்படி எழுதியிருக்கிறேன். உங்கள் கையில் இருக்கும் துண்டு எப்படி இருக்கிறதோ அந்தப் பகுதிக்கு நேரே போய்விடலாம்.

ஒன்றிரண்டு சொற்களை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். கண்ணி என்றால் பின்னும்போது ஊசியில் வரும் ஒவ்வொரு நூல் வளையம். திறந்த கண்ணி என்றால் இன்னும் மூடாத கண்ணி. ஊசியை உருவினால் அவிழ்ந்து ஓடக்கூடியது. ஒரு வரிசை நிட் (நேர்க் கண்ணி), ஒரு வரிசை பர்ல் (புறக் கண்ணி) என்று பின்னி வருவதைச் சாதாப் பின்னல் என்கிறேன். அதில் வி வி என்று அடுக்கடுக்காகத் தெரியும் பக்கம் நல்ல பக்கம்.

ஓரம் சுருண்டுகொள்கிறது, எங்கே ஊசி விடுவது என்றே தெரியவில்லை

சாதாப் பின்னலின் ஓரம் உள்பக்கமாகச் சுருளத்தான் செய்யும். அது உங்கள் தவறு இல்லை. ஆனால் சுருண்ட ஓரத்தை வைத்துக்கொண்டு தைக்க உட்காராதீர்கள். துண்டைத் தண்ணீரில் நனைத்து, பிழியாமல் துவாலையில் சுருட்டி அழுத்தி எடுத்து, தட்டையாக விரித்து அளவுக்கு இழுத்துக் குண்டூசி குத்திக் காயவையுங்கள். அப்புறம் ஓரம் படிந்து கண்ணிகள் தெளிவாகத் தெரியும்.

நம் ஊரில் இதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். இங்கே காற்றில் ஈரம் எப்போதும் அதிகம். பருத்தி நூல் துண்டு மேலே தொட்டால் காய்ந்தது போல இருக்கும், அடியில் ஜில்லென்று இருக்கும். மின்விசிறிக்கு அடியில் வைத்து, பாதி நேரத்தில் திருப்பிப் போட்டு, முழுதாக ஒன்றிரண்டு நாள் விடுங்கள். டிசம்பர், ஜனவரி மழையில் இன்னும் ஒரு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் தொங்கவிட வேண்டாம். நனைந்த பின்னல் தன் எடையாலேயே நீண்டுவிடும், அப்புறம் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே நீளத்தில் வராது. குத்தும் ஊசி துருப்பிடிக்காததாக இருக்கட்டும். அக்ரிலிக் நூலாக இருந்தால் இஸ்திரிப் பெட்டியை அழுத்தவே அழுத்தாதீர்கள். சூட்டில் அது தொளதொளத்துப் போனால் பழைய நிலைக்குத் திரும்பாது.

தைத்த நூல் ஏணி மாதிரி வெளியே தெரிகிறது

பக்கவாட்டுத் தையலில் அதிகம் வருவது இதுதான். மேட்ரஸ் தையல் என்று சொல்லும் முறையில் தைத்தால் நூல் வெளியே தெரியவே கூடாது. தெரிந்தால் மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும்.

முதலில் சரியான இடம் எது என்று கிட்டத்தில் வைத்துப் பார்த்துவிடுவோம். இரண்டு துண்டுகளையும் நல்ல பக்கம் மேலே இருக்கும்படி பக்கம் பக்கமாக வையுங்கள். ஓரத்தில் கீழிருந்து மேலே போகும் கண்ணி வரிசையையும் அதற்கு அடுத்த கண்ணி வரிசையையும் இரண்டு கட்டைவிரலால் லேசாக விலக்குங்கள். நடுவே சின்னச் சின்னதாகப் படுக்கைவாட்டு இழைகள் ஒன்றன்மேல் ஒன்றாக, ஏணிப்படி போலத் தெரியும். ஒரு வரிசைக்கு ஒரு படி. முனை மழுங்கிய தையல் ஊசியை இடது துண்டில் ஒரு படிக்கு அடியில் விட்டு எடுங்கள். பிறகு வலது துண்டில் அதே உயரத்தில் இருக்கும் படிக்கு அடியில். மறுபடி இடதுபக்கம் வரும்போது, முன்பு நூல் எந்த ஓட்டையிலிருந்து வெளியே வந்ததோ அதே ஓட்டையில்தான் ஊசி நுழைய வேண்டும். அவ்வளவுதான் இந்தத் தையல்.

ஐந்தாறு படி தைக்கும்வரை நூல் தளர்வாக, நிஜமாகவே ஏணி மாதிரி இருக்கும். அப்போது நூலைத் தையல் போகும் திசையிலேயே, மேல்நோக்கி மெதுவாக இழுங்கள். இரண்டு ஓரமும் தானாக உள்ளே திரும்பிக்கொண்டு நூல் மறையும். அந்த ஒரு நொடிக்காகத்தான் நான் இந்த வேலையை இத்தனை ஆசையாகச் செய்கிறேன். பலர் உங்களை நோக்கி, அதாவது துணியைவிட்டு வெளியே இழுக்கிறார்கள். அப்படி இழுத்தால் ஒரு படி இறுகும், அடுத்தது தளர்ந்தே கிடக்கும். இது முதல் காரணம். இதற்குப் பிரிக்கவே வேண்டாம். ஊசி முனையால் தளர்ந்த இழைகளை அடியிலிருந்து ஒவ்வொன்றாக மேலே நகர்த்திக்கொண்டு வந்து, மிச்சத்தைக் கடைசியில் இழுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது காரணம், படிக்குப் பதிலாகக் கண்ணியின் காலையே, அதாவது வி-யின் ஒரு பக்கத்தையே, குத்தி எடுத்திருப்பது. மூன்றாவது, நடுவில் எங்கேயோ ஒரு கண்ணி வரிசை தள்ளிப் போயிருப்பது. இரண்டையும் கண்டுபிடிக்க, தையலுக்கு இரு பக்கமும் இருக்கும் வி வரிசைகளைக் கீழிருந்து மேலே கண்ணால் தொடர்ந்து போங்கள். இரண்டு பக்கமும் முழு வி இருக்க வேண்டும். எந்த இடத்தில் அரை வி தெரிகிறதோ அங்கேதான் தடம் மாறியிருக்கிறீர்கள். அதுவரைக்கும் மட்டும் நூலை உருவிவிட்டு அங்கிருந்து தைத்தால் போதும். கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். தைத்த நூலும் பின்னிய நூலும் ஒரே நிறம். வெட்டும்போது எது எது என்று தெரியாது.

கடைசியில் ஒரு துண்டு மிஞ்சி நிற்கிறது

இடுப்பிலிருந்து தைத்துக்கொண்டு அக்குளுக்கு வந்தால் முன்பக்கம் முடிந்துவிட்டது, பின்பக்கம் இரண்டு விரல் அளவு மிச்சம். முதலில் இரண்டு துண்டிலும் வரிசையை எண்ணுங்கள். எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் தைக்கும்போது ஒரு பக்கம் ஒரு படியும் மறுபக்கம் சில இடத்தில் இரண்டு படியும் எடுத்திருக்கிறீர்கள். தையலைப் பிரித்து, இரண்டு ஓரத்திலும் 20 வரிசைக்கு ஒரு மார்க்கர் (அடையாள வளையம்) மாட்டி, மார்க்கரோடு மார்க்கர் சேரும்படி தைத்துக்கொண்டு போங்கள்.

எண்ணிக்கை நாலைந்து வரிசை வித்தியாசமாக இருந்தால் அதற்காகத் துண்டைப் பிரிக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். நீளமான பக்கத்தில் பத்துப் படிக்கு ஒரு தடவை இரண்டு படியைச் சேர்த்து எடுத்தால் அது கரைந்துபோகும். எட்டுப் பத்து வரிசைக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அப்படிச் சமாளிக்க முடியாது. துணி நெளியும். துண்டின் மேல்பகுதியைப் பிரித்துச் சரியாகப் பின்னுவதே வழி.

இன்னொன்று. ஒவ்வொரு வரிசையின் முதல் கண்ணியையும் பின்னாமல் நழுவவிடும் பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. அப்படிச் செய்தால் ஓரத்தில் இரண்டு வரிசைக்கு ஒரு நீண்ட கண்ணிதான் வரும். சால்வைக்கு அந்த ஓரம் அழகு. தைக்கப்போகும் ஓரத்துக்கு ஆகாது. படி தளர்ந்து, தையல் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். தைக்கும் ஓரத்தின் முதல் கண்ணியையும் கடைசிக் கண்ணியையும் தவறாமல் பின்னுங்கள்.

தையல் இழுத்துக்கொண்டு சுருங்குகிறது

நூலை அதிகமாக இழுத்துவிட்டீர்கள். நூல் நுனியை உள்ளே செருகி வெட்டுவதற்கு முன்பே இதைப் பார்க்க வேண்டும். இரண்டு கையாலும் தையலின் இரு முனைகளைப் பிடித்து, உடம்பில் போடும்போது எவ்வளவு விரியுமோ அவ்வளவு இழுத்துவிடுங்கள். நூல் கொஞ்சம் உள்ளே போகும். கம்பளியாக இருந்தால் அதுவே போதும். பருத்தியில் நெகிழ்வே கிடையாது, எனவே தைக்கும்போதே ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் துணியை நீட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே தடித்த வரம்பு மாதிரி இருக்கிறதா? தடிமனான நூலில் முழுக் கண்ணியை உள்ளே மடித்தால் அப்படித்தான் வரும். ஓரக் கண்ணியின் நடுவிலேயே, அரைக் கண்ணி உள்ளே தள்ளித் தையுங்கள். மெல்லிய நூலுக்கு இந்த முறை வேண்டாம்.

தோள்பட்டை தொங்குகிறது

முதலில் நூல் என்ன என்று பாருங்கள். இங்கே பலர் பருத்தியில்தான் பின்னுகிறோம், வெயிலுக்கு அதுதான் ஏற்றது. ஆனால் பருத்தி கனம். முழு உடையின் எடையும் தோள்பட்டை இணைப்பில்தான் தொங்குகிறது. அங்கே தையலே இல்லாதது போல, கண்ணியோடு கண்ணி கோத்து இணைத்திருந்தால் பார்க்க அழகாக இருக்கும், பத்துத் தடவை போட்டால் தோள் முழங்கை நோக்கி இறங்கும். தோளுக்கு ஒரு தடிப்பு வேண்டும். அந்தத் தடிப்புதான் தாங்குகிறது.

எனவே தோளுக்கு மூன்று ஊசி முறை. முன்பக்கத் தோள் கண்ணிகள் ஒரு ஊசியில், பின்பக்கத் தோள் கண்ணிகள் இன்னொரு ஊசியில். இரண்டின் நல்ல பக்கமும் ஒன்றையொன்று பார்க்க வைத்து, மூன்றாவது ஊசியை முன் ஊசியின் முதல் கண்ணியிலும் பின் ஊசியின் முதல் கண்ணியிலும் சேர்த்து நுழைத்து ஒரே நிட் கண்ணியாகப் பின்னுங்கள். அடுத்த ஜோடியையும் அப்படியே. அந்த மூன்றாவது ஊசியில் இரண்டு கண்ணி வந்ததும் முதலாவதை இரண்டாவதுமேல் தூக்கிப் போடுங்கள். இப்படியே கடைசிவரை.

வரம்பு வெளியே வந்துவிட்டால் நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி வைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். தோள் இறுகிக் குறுகினால் மூன்றாவது ஊசியை ஒரு அளவு பெரிதாக எடுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. அம்மா காலத்து ஊசிகளில் பழைய பிரிட்டிஷ் எண் இருக்கும். அதில் 8 என்றால் 4 மில்லிமீட்டர். அமெரிக்க எண்ணில் 8 என்றால் 5 மில்லிமீட்டர். பிரிட்டிஷ் முறையில் எண் கூடக் கூட ஊசி மெலியும். எண்ணை நம்பாமல் மில்லிமீட்டரைப் பாருங்கள். சைனாடவுன் பக்கம் நூல் விற்கும் கடைகளில் ஊசி அளக்கும் ஓட்டைப் பலகை கேட்டால் கிடைக்கும்.

ஒரு தோளில் 31, மறு தோளில் 30 கண்ணி என்று வந்தால் பதற வேண்டாம். அதிகமான பக்கத்தில், கழுத்தை விட்டுத் தள்ளி, கைப் பக்கம் ஒரு இடத்தில் இரண்டு கண்ணியை ஒன்றாகச் சேர்த்துப் பின்னிவிடுங்கள்.

ஏற்கெனவே இணைத்த பருத்தி ஸ்வெட்டர் தொங்கிக்கொண்டிருந்தால், தேக்காவில் ரவிக்கைக்கு வாங்குவோமே அந்த மெல்லிய பருத்தி நாடா, அதில் தோள் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி உள்பக்கம் தையல்மேல் வைத்துக் கையால் தைத்துவிடுங்கள். அதோடு நீள்வது நின்றுவிடும்.

எடுத்து வைத்த கண்ணிகள் கறைபட்டு, முறுக்கிக்கொண்டு, எண்ணிக்கை குறைந்து நிற்கின்றன

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இணைப்பு கெடுவதற்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் பெரிய காரணம்.

அண்ணன் பேரனுக்காக ஒரு வெளிர்மஞ்சள் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தேன். முன்பக்கத் தோள் இரண்டிலும் கண்ணிகளை மூடாமல் பெரிய ஊக்கில் கோத்து, பிஸ்கட் டின்னில் போட்டு, சமையலறை அலமாரிமேல் வைத்தேன். வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போய், ஐந்து மாதம் அந்த டின்னைத் திறக்கவில்லை. திறந்தபோது ஊக்கு முழுக்கத் துரு. ஒவ்வொரு கண்ணியின் உச்சியிலும் ஒரு பழுப்புப் புள்ளி, எறும்பு வரிசை மாதிரி. கழற்றும்போது இரண்டு கண்ணி அறுந்தேவிட்டது. துரு பட்ட இழை வலுவிழந்துவிடுகிறது, அதனால் கறையைப் போக்கினாலும் அந்தக் கண்ணியை நம்பி எதையும் இணைக்கக் கூடாது.

இப்படி ஆனால் செய்ய வேண்டியது இது. கறை இருக்கும் வரிசைக்கு இரண்டு வரிசை கீழே, நல்ல பக்கத்தில், ஒரே வரிசையின் ஒவ்வொரு வி-யிலும் வலதுகாலை மட்டும் மெல்லிய ஊசியால் எடுத்துக்கொண்டே போங்கள். எண்ணிக்கை சரிதானா என்று பார்த்துவிட்டு மேலே இருக்கும் வரிசைகளைப் பிரியுங்கள். நூல் அந்த ஊசியில் வந்து நின்றுவிடும், ஒரு கண்ணிகூட ஓடாது. கறைபட்ட நூலை வெட்டி எறிந்துவிட்டு, புது நூலில் அந்த வரிசைகளைப் பின்னிக்கொள்ளுங்கள். பேரனின் ஸ்வெட்டரை அப்படித்தான் காப்பாற்றினேன்.

அன்றிலிருந்து இரும்பு ஊக்கைத் திறந்த கண்ணிக்குப் பயன்படுத்துவதில்லை. ஒரு வாரத்துக்குள் திரும்பி எடுப்பேன் என்றால் அலுமினிய ஸ்டிச் ஹோல்டர் (கண்ணிகளைக் கோத்து வைக்கும் பெரிய ஊக்கு) அல்லது பிளாஸ்டிக் ஊக்கு. அதற்கு மேல் ஆகும் என்றால் நூல்தான். வழவழப்பான பருத்தி நூல், பின்னும் நூலைவிடக் கொஞ்சம் மெல்லியது, பளிச்சென்று வேறு நிறம். ஆனால் கருஞ்சிவப்பு, கருநீலம் வேண்டாம். நனைக்கும்போது சாயம் இறங்கினால் வெள்ளை ஸ்வெட்டர் போச்சு. அவசரத்துக்குப் பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூலும் அருமையாக வேலை செய்யும். பஞ்சு பஞ்சாக இருக்கும் நூலை மட்டும் தொடாதீர்கள். அது கண்ணியோடு ஒட்டிக்கொண்டு பிறகு உருவவே வராது.

கோக்கும்போது ஊசியைப் பர்ல் பின்ன நுழைப்பது போல, வலப்பக்கத்திலிருந்து நுழைத்துக் கண்ணியை மாற்றுங்கள். அப்படிச் செய்தால் கண்ணி திரும்பாது. நூல் கண்ணியின் இழையைப் பிளந்துகொண்டு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையும் ஒரு சாண் நீளம் விட்டு, ஒன்றோடொன்று தளர்வாக முடிச்சுப் போடுங்கள். துண்டின் மூலையில் ஒரு சின்னக் காகிதம் கட்டி, எத்தனை கண்ணி, எந்த வரிசையில் நிறுத்தினேன், அடுத்து நல்ல பக்கமா பின்பக்கமா என்று எழுதிவிடுங்கள். மூன்று மாதம் கழித்து எடுத்துப் பார்க்கும்போது இந்தக் காகிதம் இல்லாமல் நானே தடுமாறியிருக்கிறேன்.

சரி, திரும்ப ஊசியில் ஏற்றியபின் வரும் கோளாறுகள். சில கண்ணிகள் முறுக்கிக்கொண்டு தெரிகின்றனவா? ஊசியில் இருக்கும் ஒரு கண்ணியை உற்றுப் பாருங்கள். ஊசிமேல் குதிரை ஏறி உட்கார்ந்தது போல அதற்கு இரண்டு கால். ஒன்று ஊசிக்கு முன்னால், ஒன்று பின்னால். நாம் பின்னும் முறையில் வலதுகால் முன்னால் இருக்க வேண்டும். இடதுகால் முன்னால் இருந்தால் அந்தக் கண்ணி திரும்பி ஏறியிருக்கிறது. அதைக் கழற்றித் திருப்பிப் போடலாம், அல்லது பின்னும்போது பின்கால் வழியாகப் பின்னினால் தானாக நேராகிவிடும். ஒரு இடத்தில்கூட இதை விட்டுவிடாதீர்கள். இணைத்த பிறகு அந்த ஒரு கண்ணி மட்டும் குறுக்கே மடங்கி, இறுகி, சின்னத் தழும்பு மாதிரி என்றைக்கும் தெரியும்.

எண்ணிக்கை ஒன்று குறைகிறது என்றால் இரண்டு வாய்ப்பு. ஒன்று, கண்ணி நழுவி கீழே ஓடியிருக்கும். பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் ஏணி தெரியும். முனை கொக்கி போல இருக்கும் குரோஷே ஊசியால் நல்ல பக்கத்திலிருந்து அந்தக் கண்ணியைப் பிடித்து, ஏணிப்படியை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்து மேலே கொண்டு வாருங்கள். கம்பளி இழைக்குள் ஒரு பிடிப்பு உண்டு, ஒரு கண்ணி நழுவினாலும் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கும். பருத்தி, பட்டு, மூங்கில் நூல் அப்படி இல்லை. தொட்டால் ஓடும். இங்கே நாம் அதிகம் பயன்படுத்துவது இவைதான் என்பதால் ஒரு குரோஷே ஊசி எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இரண்டாவது வாய்ப்பு, நீங்கள் வேறு நூலில் தற்காலிகமாகக் கண்ணி போட்டுத் தொடங்கி, இப்போது அந்த நூலைப் பிரித்துக் கீழ்ப்பக்கக் கண்ணிகளை எடுத்திருப்பீர்கள். அப்படியென்றால் எதுவும் தொலையவில்லை. கீழ்நோக்கி எடுக்கும்போது நம் கையில் வருவது கண்ணிகளுக்கு இடையே இருக்கும் வளைவுகள். 40 கண்ணிக்கு இடையே 39 வளைவுதான் இருக்கும். ஓரத்தில் அரை வளைவு ஒன்று ஒளிந்திருக்கும், அதையும் தூக்கி ஊசியில் போட்டால் 40 ஆகிவிடும்.

கண்ணியோடு கண்ணி கோத்த இடம் கோடாகத் தெரிகிறது

காலுறையின் நுனி, தொப்பியின் உச்சி, கழுத்துப்பட்டையின் நடு. தடிப்பே இல்லாமல் சேர வேண்டிய இடங்கள் இவை. திறந்த கண்ணிகளைத் தையல் ஊசியால் கோத்து இணைக்கும் இந்த முறைக்குக் கிச்சனர் தையல் என்று பெயர். முதல் உலகப்போர்க் காலத்து பிரிட்டிஷ் தளபதி கிச்சனரின் பெயரைத் தாங்கியது. எல்லோரும் இதைக் கண்டுதான் பயப்படுகிறார்கள். உண்மையில் இது ஒரு வரிசைப் பின்னல்தான், பின்னல் ஊசிக்குப் பதிலாகத் தையல் ஊசியால் பின்னுகிறோம்.

நூல் இணைப்பின் அகலத்தைப்போல நான்கு மடங்கு விடுங்கள். 20 சென்டிமீட்டர் அகலத்துக்கு 80 சென்டிமீட்டர். இரண்டு ஊசியிலும் சமமான கண்ணி, இரண்டின் பின்பக்கமும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். தொடக்கத்தில் ஒரே ஒரு தடவை, முன் ஊசியின் முதல் கண்ணியில் பர்ல் போல நுழைத்து விடுங்கள், பின் ஊசியின் முதல் கண்ணியில் நிட் போல நுழைத்து விடுங்கள். விடுவது என்றால் கண்ணி ஊசியிலேயே இருக்கும். பிறகு இதைச் சொல்லிக்கொண்டே போங்கள்:

முன் ஊசி: நிட் போல நுழைத்துக் கழற்று, அடுத்ததில் பர்ல் போல நுழைத்து விடு.
பின் ஊசி: பர்ல் போல நுழைத்துக் கழற்று, அடுத்ததில் நிட் போல நுழைத்து விடு.

எங்கள் வகுப்பில் ஒரு பாட்டி இதை முணுமுணுத்துக்கொண்டு செய்வதைப் பார்த்தால் மந்திரம் சொல்வது போலவே இருக்கும். அவர் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. இடையில் யாராவது கூப்பிட்டால் பின் ஊசியின் இரண்டு வேலையும் முடிந்த பிறகுதான் நிமிர்வார். நீங்களும் அப்படியே செய்யுங்கள். நடுவில் நிறுத்தினால் திரும்பி வரும்போது எங்கே விட்டோம் என்று தெரியாது.

கோத்து முடித்ததும் வரிசை தளர்ந்தோ இறுகியோ, கோடு போலத் தெரிந்தால் அது தவறு இல்லை, வேலை இன்னும் முடியவில்லை. தையலின் தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு காலாக ஊசி முனையால் தூக்கி, மேலும் கீழும் இருக்கும் கண்ணியின் அளவுக்குக் கொண்டு வாருங்கள். 30 கண்ணிக்குக் கால் மணி நேரம் ஆகும். நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து செய்யுங்கள். கோக்கும்போதே இறுக்குவதைவிடத் தளர்வாகக் கோத்துப் பிறகு இப்படிச் சமன்செய்வதுதான் சுத்தமாக வருகிறது.

ஒரு இடத்தில் மட்டும் சின்ன மேடு தெரிந்தால் அங்கே நிட்டும் பர்லும் மாறியிருக்கிறது. அங்கங்கே ஒரு இழை மேலே தொங்கினால், நூல் ஊசி முனையின் மேலாகப் போயிருக்கிறது. நூல் எப்போதும் ஊசிகளுக்கு அடியில்தான் போக வேண்டும். கடைசியில் ஒரு கண்ணி தனியாக மிஞ்சினால், முதலில் வந்த வழியைச் சோதியுங்கள். ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் நூல் இரண்டு தடவை போயிருக்க வேண்டும். எதில் ஒரு தடவைதான் போயிருக்கிறதோ அங்கே தாவியிருக்கிறீர்கள். அதுவரை மட்டும், அவிழ்த்த கண்ணிகளை ஒவ்வொன்றாக ஊசியில் ஏற்றிக்கொண்டே பிரியுங்கள்.

ரிப் பின்னலை (நிட்டும் பர்லும் மாறி மாறி வந்து கோடு கோடாகத் தெரிவது) தலைக்குத் தலை வைத்துக் கோத்தால், அதாவது இரண்டு துண்டும் எதிரெதிர்த் திசையில் பின்னியவை என்றால், கோடுகள் அரைக் கண்ணி விலகியே நிற்கும். எத்தனை தடவை பிரித்தாலும் அது சேராது. கண்ணியின் அமைப்பே அப்படி. சாதாப் பின்னலில் ஓரத்தைத் தவிர வேறெங்கும் அது தெரியாது. ரிப்பில் தெரியும். அந்த இடத்துக்கு மூன்று ஊசி முறையே நல்லது.

இதெல்லாம் படித்தும் கை நடுங்கினால் ஒரு வழி இருக்கிறது, பயப்படுபவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இதுதான். திறந்த கண்ணிகளை ஊசியில் வைத்திருக்காமல், வேறு நிறப் பருத்தி நூலில் அதன்மேல் ஆறேழு வரிசை சாதாப் பின்னல் பின்னி, ஊசியை உருவிவிடுங்கள். கண்ணிகள் ஓடாது. எவ்வளவு நாள் வேண்டுமானாலும் அப்படியே இருக்கும், துருவுக்கும் வாய்ப்பில்லை. இணைக்கும்போது அந்த வேற்று நிற நூலைப் பின்னால் மடித்துவிட்டு, அதன் முதல் வரிசை உங்கள் கண்ணிகளுக்குள் எப்படி வளைந்து போகிறது என்று பாருங்கள். தையல் ஊசி அதே தடத்தில் போக வேண்டும். மந்திரம் எதுவும் மனப்பாடம் செய்ய வேண்டாம், கண்ணே வழி காட்டும். இரண்டு பக்கமும் கோத்து முடித்தபின் வேற்று நிற நூலை உருவி எறியுங்கள்.

கை பொருந்தவில்லை

கையின் மேல்விளிம்பின் நடுப்புள்ளியைத் தோள் தையலோடு முதலில் குத்துங்கள். பிறகு இரண்டு அக்குள் முனைகளையும். அப்புறம் இடையில் இருக்கும் நீளத்தைப் பாதியாக, மறுபடி பாதியாகக் குத்திக்கொண்டு போய், அதன்பிறகு தையுங்கள். ஒரு முனையில் தொடங்கித் தைத்துக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சும் துணியைச் சுருக்கித் திணிக்க வேண்டிவரும். கையின் மேல் கண்ணிகளை உடலின் பக்கவாட்டு வரிசைகளோடு சேர்க்கும்போது ஒன்றுக்கு ஒன்று சரிவராது. கண்ணி அகலம், வரிசை குட்டை. பொதுவாக நான்கு வரிசைக்கு மூன்று கண்ணி என்று வைத்துக்கொண்டால் தட்டையாகப் படியும். ஓரத்தில் கண்ணி எடுத்துக் கழுத்துப்பட்டை பின்னும்போதும் இதே கணக்குதான்.

துவைத்ததும் தையல் விட்டுப்போகிறது

முடிச்சை நம்பியிருப்பீர்கள். பருத்தியில் முடிச்சு மெல்ல நழுவும். நுனியை ஒரு விரல் நீளத்துக்குக் குறையாமல் விட்டு, தையல் வரம்புக்குள் ஒரு திசையில் நாலைந்து கண்ணி செருகி, திரும்பி எதிர்த்திசையில் மறுபடி செருகுங்கள். ஒருமுறை துவைத்துக் காயும்வரை மிச்ச நுனியை வெட்டாதீர்கள். துவைத்தபின் துணி படிந்து நூல் தன் இடத்துக்கு வந்துவிடும், அப்போது வெட்டினால் நுனி வெளியே எட்டிப் பார்க்காது. கண்ணி போடத் தொடங்கும்போதே வால் நூலை இரண்டு முழம் நீளமாக விட்டிருந்தால் அதே நூலால் பக்கத் தையலைத் தைக்கலாம். செருக வேண்டிய நுனி ஒன்று அங்கேயே குறைந்துவிடும்.